மோட்டாரில் நகரும் ஸ்டீயரிங்: வீட்டில் பழுது பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டனைத் தள்ளினால் ஸ்டீயரிங் மேலே ஏறும், கீழே இறங்கும், நம் பக்கம் நீளும், டாஷ்போர்டு பக்கம் உள்வாங்கும். இந்த வசதி ஒருநாள் நின்றுபோனால், கைவேலை தெரிந்தவர்கள் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கலாம், தப்பில்லை. போன ஃபியூஸ், தேய்ந்த சுவிட்ச், அறுந்த ஒயர், காய்ந்த கிரீஸ் எல்லாம் வீட்டிலேயே பார்க்கக்கூடியவைதான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. மோட்டார் வசதிக்காக வைத்தது. அது பொருத்தப்பட்டிருக்கும் ஸ்டீயரிங் தண்டு, விபத்து நேரத்தில் ஓட்டுபவரின் நெஞ்சைக் காப்பாற்ற வடிவமைத்தது. மோட்டாரைச் சரிசெய்யப் போய்த் தண்டைக் கெடுத்துவைப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு.

சத்தத்தைக் கேட்காமலே கழற்றுவது

பேனலைத் தொடுவதற்கு முன்னால், ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பட்டனை நான்கு பக்கமும் தள்ளிப் பாருங்கள். காதில் விழுவதை வைத்தே கோளாறு எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எந்தச் சத்தமும் இல்லை என்றால் மின்சாரப் பக்கம் தேட வேண்டும்: ஃபியூஸ், சுவிட்ச், ஒயர், கனெக்டர், மோட்டாரின் கார்பன் பிரஷ். மோட்டார் சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்கிறது, ஸ்டீயரிங் மட்டும் நகரவில்லை என்றால் ஒயரைத் தேடுவது வீண்வேலை. கியரின் பல் போயிருக்கும், அல்லது நீண்ட மரை போட்ட ராடின் மேல் ஓடும் பிளாஸ்டிக் நட்டு தேய்ந்திருக்கும். மேலும் கீழும் நகர்கிறது, முன்னும் பின்னும் மட்டும் வரவில்லை என்றால் பொது ஃபியூஸ் போயிருக்க வாய்ப்பு குறைவு. இரண்டுக்கும் தனித்தனி மோட்டார், அதில் ஒன்றின் பாதையில்தான் சிக்கல். மேலே போகிறது, கீழே வரவில்லை என்றால் அந்த மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, சுவிட்சையும், மோட்டார்களை இயக்கும் மின்னணுப் பெட்டியான கட்டுப்பாட்டு மாட்யூலையும் பாருங்கள். பட்டனை அழுத்தினால் ஒரு நொடிகூட ஓடாமல் நின்று, மறுபடி அழுத்தினால் இன்னும் கொஞ்சம் நகர்ந்து நிற்கிறதா? ஸ்டீயரிங் எந்த இடத்தில் இருக்கிறது என்று மாட்யூலுக்குச் சொல்லும் பொசிஷன் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும்.

சாவியை எடுத்ததும் ஸ்டீயரிங் தானாக ஒதுங்குவது நின்றுவிட்டது, பட்டனில் மட்டும் வேலை செய்கிறது என்றால் அது பழுதே இல்லாமல் இருக்கலாம். பல கார்களில் அதை செட்டிங்ஸில் அணைத்துவைக்க முடியும். முதலில் அங்கே பாருங்கள். பேட்டரி வலுவிழந்திருந்தாலும் இந்த மோட்டார்கள் திணறும்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். மறுபடி போனால் பெரிய ஃபியூஸைப் போடுவது தீர்வு ஆகாது. ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது, இல்லை மோட்டார் இறுகிக் கிடக்கிறது என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது டாஷ்போர்டுக்கு அடியில் ஓடும் ஒயர்.

தேவையில்லாமல் ஏர்பேக்கைத் தொடுவது

ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட வேலை என்றதும் ஸ்டீயரிங் வீலைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பல கார்களில் இந்த மோட்டார்கள் தண்டின் அடிப்பக்கத்திலோ பக்கவாட்டிலோ இருக்கும். டாஷ்போர்டின் கீழ்ப் பேனலையும் தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியையும் எடுத்தாலே கைக்கு எட்டிவிடும். வீல், ஏர்பேக் எதையும் தொட வேண்டியதில்லை. ஆனால் முழங்காலுக்கு ஏர்பேக் உள்ள கார் என்றால் அந்தக் கீழ்ப் பேனலுக்குப் பின்னால்தான் அது இருக்கும். அப்படிப்பட்ட காரில் பேனலை இழுத்துப் பிடுங்கக்கூடாது.

ஏர்பேக் பக்கம் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் வரிசை முக்கியம். சக்கரங்களை நேராக வையுங்கள். ஸ்டீயரிங் நகரும் நிலையில் இருந்தால், போல்ட்டுகளுக்குக் கை எட்டும் இடத்துக்கு அதைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகு அது நகராது. பேட்டரி டிக்கிக்குள் இருக்கும் கார் என்றால் டிக்கியை மூடிவிடாதீர்கள், பூட்டு மின்சாரத்தில்தான் திறக்கும். அப்புறம் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அது தவறிப்போய்த் திரும்பத் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கிவைக்க வேண்டும்.

அதன் பிறகு காத்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பொறுமை போய்விடுகிறது. மோதலில் பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக ஏர்பேக்கின் கட்டுப்பாட்டு மாட்யூலுக்குள் கெபாசிட்டர்களில் மின்சாரம் சேமித்துவைக்கப்பட்டிருக்கும். அது வடிய நேரம் வேண்டும். எவ்வளவு நேரம் என்பது காருக்குக் கார் மாறும், அந்தக் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே கணக்கு. மேனுவல் கையில் இல்லாமல் ஏர்பேக் கனெக்டரைக் கழற்றுவது வேண்டாம் என்பதே என் கருத்து.

மல்டிமீட்டரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மஞ்சள் நிறக் கனெக்டர், மஞ்சள் உறை போட்ட ஒயர் எல்லாம் பெரும்பாலும் ஏர்பேக் பாதை. அதில் ஓம் அளக்கவே கூடாது. எதிர்ப்பை அளக்க மீட்டர் தானே சிறு மின்சாரத்தை அனுப்பும். வெடிமருந்தைத் தூண்டும் இழைக்கு அது போய்ச் சேரக்கூடாது. கழற்றிய ஏர்பேக்கை அதன் அலங்கார முகம் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால், தப்பித்தவறி விரியும்போது அந்த யூனிட்டே மேலே பறக்கும். அது கழன்றிருக்கும்போது இக்னிஷனைப் போடக்கூடாது, போட்டால் காரின் கம்ப்யூட்டரில் ஃபால்ட் கோடு (பழுதுக் குறியீடு) பதிவாகி எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

ஸ்டீயரிங் வீலைச் சும்மா சுற்றவிடுவது

வீலுக்குப் பின்னால் வட்டமான ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். மெக்கானிக்குகள் க்ளாக் ஸ்பிரிங் அல்லது ஸ்பைரல் கேபிள் என்பார்கள். அதற்குள் சுருட்டிவைத்த மெல்லிய ரிப்பன் ஒயர் இருக்கிறது. ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் வீலில் உள்ள பட்டன்களுக்கும் தொடர்பு அது வழியாகத்தான். இரண்டு பக்கமும் குறிப்பிட்ட சுற்றுகள்தான் அது தாங்கும். தண்டைக் கீழே உள்ள ஷாஃப்ட்டிலிருந்து பிரித்துவிட்டால் வீலைத் தடுக்க எதுவும் இருக்காது. யாராவது விளையாட்டாக நாலு சுற்று சுற்றினால் ரிப்பன் அறுந்துவிடும். ஆகவே பிரிப்பதற்கு முன்பே வீலை நேராக வைத்துப் பூட்டிவிடுங்கள், அல்லது சீட் பெல்ட்டை வீலுக்குள் விட்டு இழுத்துக் கட்டுங்கள்.

பிரிக்கும் முன் தண்டின் ஷாஃப்ட்டும் கீழ் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவைப்பதும் அவசியம். ஒரு பல் மாறி உட்கார்ந்தாலும் வீல் கோணலாக நிற்கும், வீல் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரும் குழம்பும்.

மோட்டாருக்கு நேரடியாகப் பேட்டரி கொடுப்பது

மோட்டார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுப்பது நல்ல சோதனைதான். செய்யும் விதத்தில்தான் பலர் மாட்யூலைச் சுட்டுவிடுகிறார்கள்.

முதலில், கனெக்டரைக் கழற்றாமல் கொடுக்கக்கூடாது. கழற்றாவிட்டால் அந்த மின்சாரம் பின்வழியாக மாட்யூலுக்குள் போகும். இரண்டாவது, கனெக்டரில் உள்ள எல்லா பின்னும் மோட்டாருடையது இல்லை. கிட்டத்தில் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு ஒயர் தடிமனாகவும், மற்றவை மெலிதாகவும் இருக்கும். தடிமனானவை மோட்டார், மெலிந்தவை பொசிஷன் சென்சார். 5 வோல்ட்டில் இயங்கும் சென்சாருக்கு 12 வோல்ட் போனால் ஒரே தொடுதலில் அது செத்துவிடும். அதற்கப்புறம் மோட்டார் நன்றாக ஓடினாலும் பயனில்லை, மாட்யூல் அதை நகர்த்தாது. தடிமனை மட்டும் நம்பாமல் ஒயரிங் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கடைசிவரை ஓடவிடக்கூடாது. பட்டனில் இயக்கும்போது எல்லை வந்ததும் மாட்யூல் நிறுத்திவிடும். நேரடியாகக் கொடுக்கும்போது நிறுத்த ஆள் இல்லை. மரை ராடு முனையில் போய் முட்டி இறுகிக்கொள்ளும், அல்லது பிளாஸ்டிக் நட்டின் மரை உரிந்துவிடும். சிறிய ஃபியூஸ் ஒன்றை இடையில் வைத்து, தொட்டு எடுத்து, தொட்டு எடுத்துப் பாருங்கள். ஒயரை மாற்றிப் பிடித்தால் எதிர்ப்பக்கம் நகரும்.

இதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. ஏர்பேக் கனெக்டர்கள் எதையும் தொடாத நிலையில், பேட்டரி இணைந்திருக்கும்போது, மீட்டரின் இரண்டு முனைகளையும் மோட்டாரின் இரண்டு ஒயர்களில் வைத்து, வேறொருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். மேலே தள்ளினால் 12 வோல்ட் காட்டி, கீழே தள்ளினால் அதே 12 மைனஸ் குறியோடு வந்தால் சுவிட்சும் மாட்யூலும் சரி, மோட்டார்தான் பழுது. ஒரு முனையைப் பாடியில் வைத்து அளப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். திசை மாறும்போது எது பாசிட்டிவ் என்பதும் மாறும் என்பதால் ஒரு பக்கம் வோல்ட் வராததுபோலத் தெரியும்.

சுவிட்ச் விஷயத்திலும் இதுபோல ஒரு ஏமாற்றம் உண்டு. பல கார்களில் ஒவ்வொரு திசைக்கும் தனி ஒயர் கிடையாது. ஒரே ஒயரில் திசைக்கு ஒரு எதிர்ப்பு மதிப்பை வைத்து மாட்யூல் புரிந்துகொள்ளும். மீட்டரை, தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்துவிட்டு, சத்தம் வரவில்லை என்று நல்ல சுவிட்சைத் தூக்கிப்போடாதீர்கள். ஓமில் வைத்து, திசைக்குத் திசை மதிப்பு மாறுகிறதா என்று பாருங்கள்.

ஸ்பிரே அடித்துச் சமாளிப்பது

இறுகிப்போன இடத்தில் துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்தால் உடனே நகரும். அந்த மகிழ்ச்சி கொஞ்ச நாள்தான். ஸ்பிரே பழைய கிரீஸைக் கரைத்து வழியவிடும், வழிந்தது சென்சாருக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் போகும். மூடியைத் திறந்து மரை ராடைப் பாருங்கள். பழைய கிரீஸ் பழுப்பு நிறத்தில் மெழுகுபோல இறுகியிருந்தால் துணியாலும் மெல்லிய பிரஷ்ஷாலும் சுத்தம் செய்து, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத கிரீஸை மெலிதாகத் தடவினால் போதும். கிரீஸில் பிளாஸ்டிக் தூள் கலந்திருந்தால் நட்டு உரிந்துகொண்டிருக்கிறது, எந்தக் கிரீஸும் அதைக் காப்பாற்றாது. உடைந்த பல்லைப் பசை போட்டு ஒட்டுவதும் கூடாது.

ஏன் கூடாது என்றால், கையால் சரிசெய்யும் ஸ்டீயரிங்கில் இறுக்கிப் பிடிக்க ஒரு லீவர் இருக்கும், மோட்டார் வைத்ததில் அது இல்லை. அந்த மரை ராடும் நட்டும்தான் தண்டை அதன் இடத்தில் பிடித்துவைத்திருக்கின்றன. ஒயர் அறுந்த மோட்டாரோடு கார் ஓட்டலாம், மரை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். மோட்டாரையும் ராடையும் கழற்றி வைத்துவிட்டு, புதியது வரும்வரை ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஓட்டத்தின் நடுவில் ஸ்டீயரிங் மடியில் வந்து விழும்.

சுத்தியல்

ஸ்டீயரிங் தண்டு ஒரே இரும்புக் குழாய் இல்லை. மோதலில் மடங்கி உள்வாங்கும்படி, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள், குறிப்பிட்ட விசையில் உடையும் பிளாஸ்டிக் பின்கள், கழன்றுகொள்ளும் மவுண்டிங் துண்டுகள் என்று வடிவமைத்திருப்பார்கள். அமெரிக்காவின் 204ஆம் எண் பாதுகாப்பு விதி, மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதும் சோதனையில் தண்டு ஓட்டுநர் பக்கம் 127 மில்லிமீட்டருக்கு மேல் வரக்கூடாது என்கிறது. அந்த அளவுக்கு எண்ணி வடிவமைத்த பொருளின் முனையில் சுத்தியலால் அடித்தால், உடைய வேண்டிய பின் அன்றைக்கே உடைந்துவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது.

ஆகவே வீல் வரவில்லை என்றால் அதை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர்தான், தட்டுவது இல்லை. தண்டைக் கீழே இறக்கும்போது ஒயரிலோ ஷாஃப்ட்டிலோ தொங்கவிடாமல் கைகொடுத்துத் தாங்குங்கள். விழுந்துவிட்டால், மடங்கும் பகுதியில் பிளாஸ்டிக் விரிசலோ, மவுண்டிங்கில் இடைவெளியோ இருந்தால் தண்டையே மாற்ற வேண்டும். வெல்டிங், நிமிர்த்துவது எதுவும் இங்கே செல்லாது. ஸ்டீயரிங்கை இலகுவாக்கும் பவர் மோட்டாரும் சில கார்களில் இதே தண்டில்தான் இருக்கும், அது பெரிதாக இருக்கும். நகர்த்தும் மோட்டார் என்று நினைத்து அதைப் பிரித்துவிடாதீர்கள்.

மாட்டியதும் ஓட்டிப் பார்க்கப் போவது

போல்ட்டுகளைக் கழற்றிய இடத்திலேயே மாட்டுங்கள், நீளம் மாறினால் நீண்ட போல்ட் நகரும் பாகத்தில் உரசும். ஷாஃப்ட்டை இறுக்கும் போல்ட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும், புதியது போடச் சொல்லியிருந்தால் புதியதுதான்.

மூடிகளைப் போடும் முன், பட்டனில் நான்கு எல்லைக்கும் மெதுவாக நகர்த்திக்கொண்டே ஒயர்களை டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கேயாவது ஒயர் இழுபடுகிறதா, கீல் இடுக்கில் நசுங்குகிறதா? சரிசெய்த கோளாறு சீக்கிரமே திரும்பி வருவதற்கு, தளர்வு விடாமல் டேக் போட்டுக் கட்டிய ஒயர் ஒரு முக்கியக் காரணம். பேட்டரி கழன்றதால், எல்லைகள் எங்கே என்று மாட்யூல் வைத்திருந்த மெமரி அழிந்திருக்கலாம். சில கார்களில் நான்கு எல்லைகளையும் ஒருமுறை தொட்டால் தானே கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்கு, காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் கருவி வேண்டும்.

கார் நின்ற இடத்திலேயே வீலை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கார் வெளியே போகக்கூடாது. பிறகு இன்ஜினைப் போட்டு, ஸ்டீயரிங் உயர்ந்த நிலையிலும் தாழ்ந்த நிலையிலும் வீலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். ஹாரன் அடிக்கிறதா, ஏர்பேக் விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். விளக்கு அணையவில்லை என்றால், ஸ்டீயரிங் எவ்வளவு அழகாக நகர்ந்தாலும், ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் அடுத்து போக வேண்டும்.