தலைவர் விலகிவிட்டார், காசோலைப் புத்தகம் எங்கே?

கொழும்பில் தமிழர் நடத்தும் தொண்டு நிறுவனங்களில் எத்தனையோ, 1983க்குப் பிறகோ சுனாமிக்குப் பிறகோ 2009க்குப் பிறகோ, யாரோ ஒருவருடைய வீட்டு முன்னறையில் தொடங்கியவை. வெள்ளவத்தையில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஊரிலிருந்து வந்த நாலு கோரிக்கைக் கடிதங்கள், அவ்வளவுதான். அப்படித் தொடங்கியவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. "இனி நான் ஒதுங்கப் போறன்" என்ற பேச்சு செயற்குழுக் கூட்டங்களில் அடிக்கடி வருகிறது. ஒதுங்க நினைப்பது நல்லதுதான். அதைச் செய்யும் விதத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

பெரிய தவறு, பதவியைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கையிலேயே வைத்துக்கொள்வது. புதிய பணிப்பாளருக்கு அறையும் பெயர்ப்பலகையும் கிடைத்துவிடும். ஸ்தாபகர் 'ஆலோசகர்' ஆவார், அல்லது யாப்பில் இல்லாத 'போஷகர்' பதவி ஒன்று அவருக்காகவே முளைக்கும். கிழமைக்கு மூன்று நாள் அலுவலகத்துக்கு வருவார், தேநீர் குடிப்பார், கோப்புகளைப் புரட்டுவார். கணக்காளர் முதல் சாரதி வரை எல்லோரும் "எதுக்கும் அண்ணையிட்ட ஒருக்காக் கேட்டிட்டுச் செய்வம்" என்பார்கள். புதியவர் ஒன்றில் எழுதுவினைஞர் போல ஆகிவிடுவார், அல்லது வேறு வேலை தேடிப் போய்விடுவார். போனபின், "பாத்தீங்களா, அவரால ஏலாமப் போச்சு" என்று பழியும் அவர் தலையில்தான் விழும்.

இதைத் தடுக்க வழி இருக்கிறது, ஆனால் கொஞ்சம் கசக்கும். ஸ்தாபகர் இனி என்ன செய்வார், என்ன செய்யமாட்டார் என்பதைச் செயற்குழு எழுத்தில் தீர்மானிக்க வேண்டும். முதல் ஆறு மாதம் அவர் கூட்டங்களுக்கு வராமல் இருப்பது நல்லது. ஊழியர் யாராவது அழைத்தால், "புதுப் பணிப்பாளரிட்டக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். ஆலோசனை வேண்டுமென்றால் புதியவர்தான் அவரை அழைக்க வேண்டும். பாராட்டு விழா வையுங்கள், பொன்னாடை போர்த்துங்கள், மலர் வெளியிடுங்கள். அலுவலகத்தில் மேசை மட்டும் வேண்டாம்.

அடுத்தது காகிதங்கள். விழா முடிந்து மாதக்கணக்காகியும் வங்கியில் பழைய கையெழுத்துத்தான் செல்லுபடியாகும் என்ற நிலை சாதாரணமாக நடப்பது. கையொப்பமிடுவோரை மாற்ற வங்கி முறையான கூட்டத் தீர்மானம் கேட்கும். அந்தக் கூட்ட அறிக்கையை யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். நிறுவனம் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின்கீழ் பதிவானதா, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட (பங்கு மூலதனம் இல்லாத) கம்பனியா என்று முதலில் பாருங்கள். எங்கே பதிவோ அங்கே பொறுப்பாளர் மாற்றத்தை அறிவிக்க வேண்டும். கம்பனி என்றால் பணிப்பாளர் மாற்றத்துக்குக் கம்பனிப் பதிவாளரிடம் குறித்த காலத்துக்குள் படிவம் கொடுக்க வேண்டும்.

இவற்றையாவது யாராவது நினைவுபடுத்துவார்கள். மின்னஞ்சல் கடவுச்சொல், இணைய வங்கிக்கான இரகசிய எண் வந்து விழும் சிம், அலுவலக வாடகை ஒப்பந்தம், வான் பதிவுப் புத்தகம் எல்லாம் ஒருவருடைய சொந்தப் பெயரில் கிடப்பதை யாரும் கவனிப்பதில்லை. பெயர் மாற்றுவதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டால், சட்டத்தின் கண்ணில் அந்த வான் அவருடைய வாரிசுகளின் சொத்து. பிறகு நல்ல மனதோடு பேசினாலும் வழக்கறிஞர் இல்லாமல் தீராது.

யாரும் வாய்திறக்காத விஷயம் ஒன்று உண்டு: ஸ்தாபகர் எதை வைத்துச் சீவிப்பார்? சம்பளம் பெறும் ஊழியருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் பங்காக 8 வீதமும் நிறுவனத்தின் பங்காக 12 வீதமும் போகிறது, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம். 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகவும் உண்டு. ஸ்தாபகரோ கௌரவப் பதவி என்று சொல்லிக்கொண்டு, படியும் பயணச் செலவும் மட்டும் வாங்கியிருப்பார். அவருக்கு இதில் ஒன்றுமே சேர்ந்திருக்காது. 'பதவி ஆசை' என்று நாம் முணுமுணுப்பதில் பாதி, உண்மையில் வாடகைக் கவலை. விலகுவதற்குச் சில வருடம் முன்பே முறையான சம்பளத்தில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பொறுப்பைக் கைமாற்றும் காலத்துக்கு, முடிவுத் தேதியோடு ஓர் ஒப்பந்தம் போடுங்கள். கணக்காய்வில் விளக்கமுடியாத ஒரு தொகையைக் கடைசி நாளில் உறையில் போட்டுக் கொடுப்பது மட்டும் வேண்டாம்.

மகனையோ மருமகளையோ கொண்டுவருவது தானாகவே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். 1958இல் ஏ. டி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதயம் என்ற கிராம அபிவிருத்தி இயக்கத்தில் பொறுப்பு மகன் வின்யாவிடம்தான் போனது. ஆனால் அவர் வைத்தியர், பல வருடம் உள்ளே நின்று வேலை செய்தவர். ஒருநாளும் களத்துக்குப் போகாத பிள்ளையை லண்டனிலிருந்து வரவழைத்து நாற்காலியில் இருத்துவது வேறு கதை.

பணம் அனுப்புபவர்களை மறந்துவிடுவதும் உண்டு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்கள் காசு அனுப்புவது கூடப் படித்த அண்ணைக்குத்தான், நிறுவனத்தின் பெயர்கூடச் சிலருக்குச் சரியாகத் தெரியாது. அறிவிப்புக்கு முன்பே புதியவரையும் வைத்துக்கொண்டு அவர்களோடு கதையுங்கள். வதந்தியாகக் கேள்விப்பட்டால், "உள்ளுக்குள்ள ஏதோ பிரச்சினையாம்" என்றுதான் நினைப்பார்கள்.

"அடுத்த திட்டம் முடியட்டும்" என்று தள்ளிப்போடுபவர்களுக்கு 1999 ஜூலை 29ஐ நினைவூட்டலாம். சட்டத்தரணியும் பாராளுமன்ற உறுப்பினருமான கலாநிதி நீலன் திருச்செல்வம் அன்று கொழும்பில் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். அவர் 1982இல் தொடங்கிய இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் என்ற ஆய்வு நிறுவனம் அவரோடு முடிந்துவிடவில்லை. ராதிகா குமாரசுவாமி போன்றவர்கள் பல வருடமாக அங்கே கூடவே வேலை செய்திருந்தார்கள். வெள்ளவத்தை முன்னறை நிறுவனத்தில், ஸ்தாபகரைத் தவிர ஒரு முழு அறிக்கையை எழுதக்கூடியவர் எத்தனை பேர்?

சரி, எல்லாம் ஒழுங்காக நடந்தது, கணக்காய்வு முடித்து ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொறுப்பும் கைமாறியது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வரும். ஸ்தாபகர் ஆசையாகத் தொடங்கிய தையல் வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதில்லை என்று புதியவர் அதை மூடிவிடுவார். அண்ணைக்குக் கோபம் வரும், வரட்டும். மனைவியிடம் வீட்டில் திட்டித் தீர்க்கட்டும். செயற்குழு உறுப்பினர்களுக்குத் தனித்தனியாக அழைப்பு எடுக்காமல் இருந்தால் போதும்.