பால் மறந்த வெண்பன்றிக் குட்டிகளுக்கு மஞ்சள், ஓமம், பூண்டு: தீவனத்தில் கலப்பது எப்படி?

தாயைப் பிரித்த இரண்டு மூன்று நாளில் கொட்டகைக்குள் போனால் சில குட்டிகள் வாலடி ஈரமாக, முதுகைக் குறுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். பால் நின்ற ஏக்கத்தில் குட்டி சரியாகத் தின்னாது. அதில் குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் குட்டையாகிவிடும். வயிற்று அமிலமும் அந்த வயதில் குறைவு. செரிக்காத புரதம் கீழே இறங்க, ஈ.கோலை என்ற குடல் கிருமி பெருகிக் கழிச்சல் பிடிக்கும்.

இதற்குப் பயந்து தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது சரியல்ல. தீவனத்தில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலப்பதை நம் நாட்டில் 2019லேயே தடை செய்துவிட்டார்கள். நம் பக்கம் கிடைக்கிற சரக்கிலேயே ஓரளவு காப்பாற்றலாம்.

முதலில் சரக்கு. ஈரோட்டுச் சந்தை பக்கத்தில் இருக்கும்போது மஞ்சள்தூள் பாக்கெட் வேண்டாம், அதில் நிறம் சேர்த்திருக்கலாம். விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். ஓமத்தைக் கையில் கசக்கினால் மூக்கில் ஏற வேண்டும். அந்த வாசம்தான் தைமால். கிருமியின் மேல்தோலைக் கெடுப்பது அதுதான். வாசம் போன ஓமம் வெறும் சக்கை. பூண்டை நசுக்கி நிழலில் உலர்த்திப் பொடிக்கவும்.

50 கிலோ தீவனத்துக்கு நான் போடுவது மஞ்சள் 250 கிராம், ஓமம் 150, பூண்டுப்பொடி 150. கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலன் என்று நினைக்காதீர்கள். பன்றிக்கு மோப்பம் அதிகம், வாடை தூக்கலாக இருந்தால் தொட்டியை முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

கலக்கும்போது மூன்று பொடியையும் முதலில் இரண்டு கிலோ தவிட்டில் நிறம் ஒன்றாகும்வரை பிசறுங்கள். அப்புறம் பத்து கிலோ தீவனத்தில், கடைசியில் மொத்தத்திலும். நேராக மூட்டையில் கொட்டினால் ஒரு குட்டிக்கு எல்லாம், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை. ஹோட்டல் கழிவை வேகவைத்துப் போடுபவர்கள் ஆறிய பிறகே பொடியைச் சேர்க்கவும், கொதியில் வாசம் பறந்துவிடும். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்து மூடி வையுங்கள்.

பிரிக்கிற நாளில் தொடங்காதீர்கள். ஒரு வாரம் முன்பே, தாயோடு இருக்கும்போது கொடுக்கும் குட்டித் தீவனத்தில் பாதி அளவு பழக்குங்கள். பிரித்த பின் முழு அளவில் மூன்று வாரம் கொடுங்கள்.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் இருந்தால் எந்த மூலிகையும் உதவாது, தூக்கிப் போடுங்கள். மார்கழிக் குளிரில் தரையில் வைக்கோலும், மேலே குண்டு பல்பும் வேண்டும். குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்தால் குளிர்கிறது என்று அர்த்தம்.

தினமும் விடிந்ததும் சாணத்தைப் பாருங்கள். தண்ணீராகப் போனால் உடனே சுத்தமான தண்ணீரில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஒரு நாளில் நிற்காவிட்டாலோ, ரத்தம் கண்டாலோ பொடியை நம்பிக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.