பெரிய சவரக்கத்தி மலிவாக வாங்க: முதலில் முதுகை அளந்து பாருங்கள்

யாழ்ப்பாணத்துச் சலூன்களில் இப்போது புழங்குவது அரை பிளேட் செருகும் கத்தி. இங்கே சொல்வது அதையல்ல, தீட்டித் தீட்டி ஆயுள் முழுக்கப் பாவிக்கக்கூடிய மடக்குச் சவரக்கத்தியை. அதிலும் பெரிய அளவு.

முதுகிலிருந்து வாய் (வெட்டும் விளிம்பு) வரையான அகலத்தை அங்குலத்தின் எட்டிலொரு பங்குகளில் சொல்வது வழக்கம். 5/8, அதாவது ஏறத்தாழ 16 மில்லிமீற்றர், சாதாரண அளவு. 7/8 (22 மி.மீ.), 8/8 (25 மி.மீ.) இரண்டும் பெரியவை. முரட்டுத் தாடிக்கு இவை நல்லவை. கையால் அழுத்தத் தேவையில்லை, கத்தியின் பாரமே மயிரை அறுத்துக்கொண்டு போகும். ஆனால் மூக்குக்குக் கீழே திருப்ப இடம் போதாது. முதல் கத்தி என்றால் 7/8 உடன் நில்லுங்கள், நுனியும் வட்டமாக இருக்கட்டும். கூரான சதுர நுனி காதடியில் கீறிவிடும்.

அகலத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் கூடுதலாக ஏமாறுகிறார்கள். தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படுகின்றன. ஆகவே கூரின் கோணம் உங்கள் கையில் இல்லை, முதுகின் தடிப்பில் இருக்கிறது. வேணியர் இடுக்கிமானியால் இரண்டையும் அளந்து, அகலத்தைத் தடிப்பால் பிரியுங்கள். விடை 3.3 இலிருந்து 3.7 வரை வந்தால் கோணம் 16, 17 பாகைக்குக் கிட்ட நிற்கும், நல்ல கத்தி. 8/8 கத்திக்கு 7 மி.மீ. முதுகு வேண்டும், 7/8 க்கு 6 இலிருந்து 6.5. மலிவான அகலக் கத்திகள் சிலவற்றில் 25 மி.மீ. அகலத்துக்கு முதுகு 5 மி.மீ. தான். கோணம் 11.5 பாகைக்கு இறங்கிவிடும். அந்தக் கூர் தீட்டியவுடன் பஞ்சை வெட்டுவது போல வெட்டும், ஆனால் மெல்லிய விளிம்பு தாங்காமல் உதிர்ந்து, அடுத்த சவரத்திலேயே மயிரைப் பிடித்து இழுக்கும். முதுகில் வயர் சுற்றும் ரேப் ஒட்டித் தீட்டலாம், ஒரு சுற்றுக்கு முக்கால் பாகை அளவில் கூடும். விடை 4 என்றால் இரண்டு சுற்று போதும். 5 என்றால் அந்தக் கத்தியை விட்டுவிடுங்கள்.

விற்பவர் தூரத்தில் இருந்தால் இந்த இரண்டு அளவையும் கேட்டு எடுங்கள். சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

புதிதில் மலிவு என்றால் சீனாவின் கோல்ட் டொலர் வகைதான். ஆனால் பலரும் வாங்கும் 66 ஆம் இலக்கம் 6/8 அளவில்தான் வரும், பெரியதில் சேராது. இந்த விலையில் வரும் கத்திகளை உடனே முகத்தில் வைக்க முடியாது, முதலில் தீட்ட வேண்டும். காம்போடு சேரும் மேடு கல்லில் முட்டினால் அடிப்பக்கம் கூரேறாது, மேட்டைக் கொஞ்சம் அராவ வேண்டும். பெயரில்லாமல், கோலம் போட்ட உருக்கும் அலங்காரப் பிடியுமாக இன்னும் மலிவாக வருபவை பெரும்பாலும் கத்தி வடிவப் பொம்மைகள்.

எங்கள் தெரிவு இங்கிலாந்தின் உருக்கு நகரான ஷெஃபீல்டின் பழைய கத்தி. 19 ஆம் நூற்றாண்டில் அங்கே 8/8 அளவுக் கத்திகள் ஏராளமாகச் செய்தார்கள். ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயரும் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891 க்குப் பிந்தியது. அமெரிக்காவின் மக்கின்லி வரிச்சட்டம், அங்கே இறக்குமதியாகும் பொருள்களில் அந்தப் பொறிப்பைக் கேட்டது. லண்டனில் உள்ள உறவினர் பழைய சாமான் சந்தையில் தேடி, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவரலாம். பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள், கைப்பையில் விட மாட்டார்கள்.

பழையதில் பார்க்க வேண்டியது இது. வாயிலிருந்து 3 மி.மீ. க்குள் கறுப்புத் துருக்குழி இருக்கக் கூடாது, தீட்டத் தீட்ட அது கூரில் வந்து நிற்கும். மேலே உள்ள கறை ஒன்றும் செய்யாது. கண்ணாடித் துண்டில் படுக்க வைத்தால் ஆடக் கூடாது. வாய் வெளியே வளைந்திருக்கலாம், உள்ளே குழிந்திருந்தால் வேண்டாம். முதுகின் தேய்வுப் பட்டை இரு பக்கமும் ஒரே அகலமா என்று பாருங்கள். பழைய செலுலாயிட் பிடி சிதைந்தால் அமில ஆவி விட்டு உருக்கை அரிக்கும். எங்கள் வெக்கைக்கு அது இன்னும் கெதியாக நடக்கும், கொம்புப் பிடி பாதுகாப்பு. இரு பக்கமும் குழியே இல்லாத ஆப்பு வடிவக் கத்தி தீட்டக் கடினம், பக்கங்கள் பாதி குழிந்ததே முதலில் போதும்.

காசை எண்ணும்போது கல்லையும் சேருங்கள். 1000 ஆம் இலக்கக் கல்லில் கூரை அமைத்து, 4000, 8000, 12000 என்று ஏற வேண்டும், இலக்கம் கூடக் கூடக் கல் மென்மையான மணலுடையது. கூரை நேராக்க இழுக்கும் துணியும் தோலுமான தோல்வார் 3 அங்குல அகலம் நல்லது. ஒவ்வொரு சவரத்துக்கும் முன் துணியில் 30 தரம், தோலில் 50 தரம், முதுகை முன்னே விட்டு இழுங்கள்.

எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறியது. சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது, காய்ந்தால் கத்தியில் வெள்ளைப் புள்ளி விழும், உப்புக்காற்றுப் பட்டால் அதன் அடியில் துரு பிடிக்கும். நுரைக்கு மழைநீர் எடுங்கள். சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்து, காற்றில் உலரவிட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி தடவி, குளியலறைக்கு வெளியே வையுங்கள்.