ஆகாயத்தாமரை வேரில் என்ன இருக்கிறது? பக்கெட்டும் பேசினும் வைத்துப் பார்க்கும் முறை

முதல் தடவை நான் செய்தது இதுதான். கரையோரம் ஒதுங்கிக் கிடந்த ஆகாயத்தாமரைச் செடி ஒன்றைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேன். கறுத்த வேரை விரலால் கோதிப் பார்த்தேன். ஒரே ஒரு நத்தை, அதுவும் வெறும் ஓடு. ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். உண்மையில் செடியைத் தூக்கிய நொடியிலேயே வேரில் இருந்த சின்ன நீர் உயிர்களில் பாதிப் பேர் தண்ணீரோடு வழிந்து இறங்கிவிட்டிருந்தார்கள். அந்தத் தவறு உங்களுக்கு வராமல் இருக்கத்தான் இந்தச் செய்முறை.

நான் சொல்வது ஊதாப் பூ பூக்கிற, காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கிற செடியை. சில ஊர்களில் வெங்காயத்தாமரை என்பார்கள். வெல்வெட் மாதிரி இலை அடுக்குள்ள இன்னொரு மிதவைச் செடிக்கும் ஆகாயத்தாமரை என்ற பெயர் உண்டு. இதே முறை அதற்கும் சரிவரும்.

தேவையானவை

அகலமான பக்கெட், வெள்ளை பேசின், மாவுச் சல்லடை, டீ வடிகட்டி, வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன், இங்க் ஃபில்லர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். பேசின் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். பச்சை பேசினில் பாதி உயிர்கள் கண்ணில் படாது. கைக்கு ரப்பர் உறை.

1. இடம் பார்ப்பது

ஊர்க் குளமோ, ஏரிக்கரையோ போதும். பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. சாக்கடை கலக்கும் இடமும் வேண்டாம். கையில், காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். தனியாகவும் போகாதீர்கள். செடிக்கு அடியில் சேறு எவ்வளவு ஆழம் என்று மேலே இருந்து தெரியாது.

செடிக் கூட்டத்தின் நடுவே போக ஆசை வரும். தேவையில்லை. அடர்ந்த இடத்தில் வெளிச்சமும் காற்றும் உள்ளே போகாததால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். திறந்த தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஓரத்துச் செடிதான் நமக்கு வேண்டியது.

2. தூக்குவதற்கு முன் பக்கெட்

எல்லாமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. பக்கெட்டைச் செடிக்குப் பக்கத்தில் சாய்த்து, மெதுவாகத் தண்ணீருக்குள் அமுக்கி, வேருக்கு அடியில் கொண்டு போங்கள். வேர் முழுக்க பக்கெட்டுக்குள் வந்த பிறகு தண்ணீரோடு சேர்த்து மேலே தூக்குங்கள். பக்கத்துச் செடியோடு இணைக்கும் தண்டைக் கடைசியில் ஒடித்தால் போதும். வேர் ரொம்ப நீளமாக இருந்தால் சின்னச் செடியாகப் பாருங்கள்.

3. அலசுவது

இலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, துணி அலசுவது போல வேரை பக்கெட் தண்ணீரிலேயே முப்பது தடவை நன்றாக உதறுங்கள். பாவம் பார்க்க வேண்டாம். மேன்சோனியா என்றொரு கொசு இருக்கிறது. அதன் புழு மற்றக் கொசுப் புழுக்களைப் போல மூச்சு வாங்க மேலே வராது. மூச்சுக் குழலை வேருக்குள் குத்திச் செருகி, செடியில் இருக்கும் காற்றையே எடுத்துக்கொண்டு அங்கேயே ஒட்டிக் கிடக்கும். லேசாக ஆட்டினால் விழாது. கேரளத்தின் சேர்த்தலைப் பக்கம் யானைக்கால் நோயைப் பரப்பியது இந்த வகைக் கொசுதான்.

அலசிய தண்ணீரைச் சல்லடையில் ஊற்றி, வடியும் தண்ணீரையும் ஒரு பாத்திரத்தில் பிடித்து வையுங்கள். பேசினில் இரண்டு விரல் உயரத்துக்குக் குளத்துத் தண்ணீர் ஊற்றி, சல்லடையில் தங்கியதை அதில் கவிழ்த்துவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் இருக்கும்.

4. ஐந்து நிமிடம் சும்மா இருப்பது

முதலில் வெறும் குப்பைதான் தெரியும். கிளறாதீர்கள். மண் படிந்த பிறகு குப்பை நடக்க ஆரம்பிக்கும்.

பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, வாலைப் பாருங்கள். நுனியில் தட்டையான மூன்று இலை போல இருந்தால் அது ஊசித்தட்டானின் குஞ்சு. அந்த மூன்றும் செவுள். நூல் மாதிரி மூன்று வாலும், இடுப்பின் இரண்டு பக்கமும் படபடக்கும் செவுளும் இருந்தால் மேஃபிளை என்ற பூச்சியின் குஞ்சு. வால் குட்டையாக, உடம்பு தடித்திருந்தால் பெரிய தட்டானின் குஞ்சு. அதன் பின்பக்கத்தில் கொஞ்சம் மெல்லிய சேற்றைப் படிய விட்டுப் பாருங்கள்: சேறு விட்டுவிட்டுப் புகை போல எழும்பும். ஆசனவாய் வழியாகத் தண்ணீரை உள்ளிழுத்து வெளியே விட்டுத்தான் அது மூச்சு வாங்குகிறது. ஸ்பூனால் தொட்டால் அதே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி முன்னால் பாயும்.

ஈர்க்குச்சி ஒன்று தானாக நகர்ந்தால் பயப்பட வேண்டாம், அது நீர்க்குச்சிப் பூச்சி. வால் போல நீண்டிருப்பது மூச்சுக் குழல். முதுகு நிறைய முட்டை சுமக்கும் தட்டையான பழுப்பு நிறப் பூச்சி கிடைத்தால் உங்களுக்கு நல்ல நாள். சுமப்பது ஆண், பெண் முட்டையை அதன் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும். இதைக் கையால் தொடாதீர்கள், கடித்தால் நன்றாக வலிக்கும். ஸ்பூன் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

தட்டைச் சுருள் நத்தைகளும் இருக்கும். ஒரு வகைக்கு நம்மைப் போலவே சிவப்பு ரத்தம். அதுவே மாட்டுக்கு வரும் ஒட்டுண்ணிப் புழுவையும் சுமக்கும். அந்தப் புழுவின் குஞ்சு மனிதத் தோலில் பட்டால் அரிப்பு வரும். கையுறை கேட்டது அதனால்தான்.

5. சல்லடையில் தப்பியவை

பிடித்து வைத்த தண்ணீரை டீ வடிகட்டியில் ஊற்றி, தங்கியதை வெள்ளை ஸ்பூனில் எடுத்து லென்ஸில் பாருங்கள். துள்ளித் துள்ளி நகரும் வெள்ளைப் புள்ளியில் பின்பக்கம் இரண்டு பை தொங்கினால் அது முட்டை சுமக்கும் சைக்ளாப்ஸ் என்ற நுண்ணிய நீர் உயிர். நரம்புச் சிலந்தி நோய் (கினியா புழு நோய்) பரவியது இதைக் குடிதண்ணீரோடு விழுங்கியதால்தான். மடித்த துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னதும் அதற்காகவே. இந்தியாவில் கடைசியாக அந்த நோய் வந்தது 1996இல். 2000இல் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

6. இலையையும் ஒரு பார்வை

இலையில் நகத்தால் சுரண்டியது போலச் சின்னச் சின்ன வெளிறிய தழும்பு இருக்கிறதா? நியோகெட்டினா என்ற மூக்கு வண்டின் வேலை. இந்தச் செடியும் தென் அமெரிக்கா, வண்டும் தென் அமெரிக்கா. செடியைத் தின்று குறைக்கும் என்று 1980களில் பெங்களூருவில் கொண்டுவந்து விட்டார்கள். இதன் கூட்டுப்புழுவும் தண்ணீருக்கு அடியில், வேரில் சின்ன உருண்டைக் கூடு கட்டிக்கொண்டுதான் இருக்கும்.

7. திரும்ப விடுவது

தேதி, இடம், எது எத்தனை என்று நோட்டில் எழுதிவிட்டு, பேசினை எடுத்த இடத்திலேயே மெதுவாகச் சாய்த்து விடுங்கள். செடியை மட்டும் வேறு குளத்துக்கோ வீட்டுத் தொட்டிக்கோ கொண்டு போகாதீர்கள். ஒரு சின்னக் கன்று போதும், குளத்தையே மூடிவிடும். கரையில் தள்ளி வெயிலில் காயப் போடுங்கள். அதற்கு முன்னால் வேரைக் குளத்துத் தண்ணீரில் இன்னொரு தடவை உதறுங்கள். முப்பது உதறலுக்கும் அசையாத இரண்டு மூன்று நத்தைகள் அப்போதுதான் விழும்.