நடுத்தர விலை எஸ்.எம்.பி.எஸ்.: வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

மேசைக் கணினி கட்டுபவர்களில் பலர் பிராசசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் படிக்கிறார்கள், கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். என்று வரும்போது மட்டும் பெட்டியில் அச்சிட்ட வாட் எண்ணையும் ‘80 பிளஸ் கோல்டு’ முத்திரையையும் பார்த்த மாத்திரத்தில் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். இவை இரண்டும் முறையாக இருந்தும் ஒரு எஸ்.எம்.பி.எஸ். நம்பத்தகாததாக இருக்க முடியும் என்பதற்கு 2021-இல் நடந்தது போதிய சான்று. கிகாபைட் நிறுவனத்தின் ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் ஆகிய இரு மாடல்களும் கோல்டு சான்று பெற்றவை. கேமர்ஸ் நெக்சஸ் உள்ளிட்ட விமர்சகர்கள் மிகைச்சுமை கொடுத்துச் சோதித்தபோது அவற்றுள் பல, தாமாக அணைந்து தம்மைக் காத்துக்கொள்வதற்குப் பதிலாக வெடித்துச் செயலிழந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் கிகாபைட் அறிக்கை ஒன்றை வெளியிட்டு, அணையும் எல்லையை வரையறைத் திறனின் 120 முதல் 150 சதவீதம் என்றிருந்ததிலிருந்து 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்துவிட்டதாகத் தெரிவித்ததோடு, குறிப்பிட்ட வரிசை எண்களுக்கு உட்பட்டவற்றை மாற்றித்தரவும் முன்வந்தது. முத்திரை அளந்தது ஒன்று, பழுதானது வேறொன்று. ஆகவே 650 முதல் 850 வாட் வரையிலான நடுத்தர விலை எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மதிப்பிடும்போது, அட்டையில் இல்லாத விவரங்களைத் தேடிப் பிடிப்பதே முக்கிய வேலையாகிறது.

முதலில் உங்கள் தேவையைக் கணக்கிடுங்கள். ரைசன் 5 7600 பிராசசர் அதிகபட்சம் 88 வாட் எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 4070 கார்டின் வரையறை 200 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் ஆகியவற்றுக்குச் சற்றுத் தாராளமாக 60 வாட் ஒதுக்கினாலும் மொத்தம் 350 வாட்டைத்தான் எட்டுகிறது. ஆனாலும் அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 650 வாட். கார்டு கணநேரத்துக்கு இழுக்கும் உச்ச மின்சாரத்துக்காகவும், தரம் குறைந்த எஸ்.எம்.பி.எஸ். வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டும் சேர்க்கப்பட்ட இடைவெளி அது. எனவே இத்தகைய கணினிக்கு நல்ல 650 வாட் போதும். மோசமான 850 வாட்டைவிட அது மேல்.

அடுத்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். இன்றைய கணினியில் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டிலேயே வாழ்கின்றன. அந்த வரிசையில் உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் உண்மையில் கிடைக்கக்கூடிய திறன் தெரிந்துவிடும். 62.5 ஆம்பியர் என்றால் 750 வாட். பெட்டியில் 750 என்று எழுதியிருந்தால் கணக்கு நேராகிறது. மாறாக, 500 வாட் என்று விற்கப்படும் ஒன்றில் 12 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர் மட்டுமே இருந்தால் பயன்படக்கூடியது 360 வாட். மீதி, இன்றைய பாகங்கள் அதிகம் தொடாத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கிடக்கிறது. பழைய வடிவமைப்பு இன்னும் விற்பனையில் இருப்பதன் அடையாளம் இது. 12 வோல்ட்டிலிருந்து டிசி-டிசி முறையில் மற்ற மின்னழுத்தங்களைப் பிரித்தெடுக்கும் வடிவமைப்பே நடுத்தர விலையில் இன்று எதிர்பார்க்கத்தக்கது; அது இல்லாதவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

80 பிளஸ் முத்திரையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அது எதைச் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். 115 வோல்ட்டில், 20, 50, 100 சதவீதச் சுமைகளில், கோல்டு என்றால் முறையே 87, 90, 87 சதவீதச் செயல்திறனும் (சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் கணினிக்குப் போய்ச் சேரும் பங்கு), பிரோன்ஸ் என்றால் 82, 85, 82 சதவீதமும் இருக்க வேண்டும். நம் வீட்டு 230 வோல்ட்டில் செயல்திறன் பொதுவாக இதைவிடச் சற்றுக் கூடும். சோதனை நடப்பது அறை வெப்பநிலையில். ரிப்பிள் எனப்படும் மின்னழுத்தத்தின் நுண்ணிய அலைவு, பாதுகாப்புச் சுற்றுகள், மின்தடையைத் தாங்கும் நேரம் ஆகிய எவையும் அதில் இடம்பெறுவதில்லை. மின் கட்டணச் சேமிப்பும் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. 350 வாட் சுமையில் 88 சதவீதத்துக்கும் 92 சதவீதத்துக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 17 வாட். நாள்தோறும் ஐந்து மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினாலும் ஆண்டுக்கு 32 யூனிட்டைத் தாண்டாது. மேல் முத்திரைக்குக் கூடுதலாகத் தரும் பணத்தை மின் கட்டணத்தில் மீட்டுவிடலாம் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

உண்மையான மதிப்பீடு பாதுகாப்புச் சுற்றுகளில் தொடங்குகிறது. பெட்டியின் பின்புறத்தில் ஓவிபி, யுவிபி, ஓசிபி, ஓபிபி, எஸ்சிபி, ஓடிபி என்று எழுத்துகள் அணிவகுத்திருக்கும். மிகை மின்னழுத்தம், குறை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், மொத்தத் திறன் மீறல், குறுக்குச்சுற்று, மிகை வெப்பம் என்பவை அவற்றின் பொருள். எழுதியிருப்பதனாலேயே அவை செயல்படுகின்றன என்று கொள்ளக் கூடாது. விமர்சகர்கள் சோதித்துப் பார்க்கையில், மலிவு மாடல்களில் மிகை வெப்பப் பாதுகாப்பு பெயரளவுக்கே இருப்பது பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. நீங்கள் படிக்கும் விமர்சனத்தில் ஓபிபி எத்தனை சதவீதத்தில் அணைகிறது என்று அளந்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். என் அளவில், 110-க்கும் 135-க்கும் இடைப்பட்ட எல்லை நிம்மதி தருகிறது. அதற்கும் கீழே வைத்தால் கார்டின் கணநேர உச்சங்களுக்கே கணினி அணைந்துவிடும். மிக மேலே வைத்தால் உள்ளிருக்கும் மாஸ்ஃபெட்டுகள் என்னும் மின்னணு சுவிட்சுகள் தாங்கக்கூடிய அளவைக் கடந்த பிறகே பாதுகாப்பு விழித்துக்கொள்ளும். கிகாபைட் மாடல்களில் கண்டது இரண்டாவது வகை.

முதல் வகைச் சிக்கல் பரவலாகப் பேசப்பட்டது 2020-க்குப் பிறகு. ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகள் சராசரியில் 320, 350 வாட் எடுத்தாலும், மில்லி விநாடிக்கும் குறைந்த காலத்துக்கு அதைவிட மிக அதிகமாகப் பாய்ச்சலாக இழுத்தபோது, வாட் அளவில் போதுமானவையாகத் தோன்றிய எஸ்.எம்.பி.எஸ்.கள் விளையாட்டின் நடுவே அணைந்தன. எஸ்.எம்.பி.எஸ்.களுக்காக 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 வரையறை இதற்கு விடை காண முயன்றது: புதிய 12 வோல்ட் கார்டு இணைப்பு கொண்ட எஸ்.எம்.பி.எஸ். தன் வரையறைத் திறனின் இரு மடங்கை 100 மைக்ரோ விநாடிக்கும், 180 சதவீதத்தை ஒரு மில்லி விநாடிக்கும், 160 சதவீதத்தை 10 மில்லி விநாடிக்கும் தாங்க வேண்டும். ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று குறித்திருப்பதோடு, அந்தப் பாய்ச்சல்களைக் கொடுத்துச் சோதித்த முடிவும் கிடைத்தால் அந்த மாடலை நம்பி வாங்கலாம்.

நம் ஊர்களில் இதற்கு இணையான முக்கியத்துவம் தாங்கு நேரத்துக்கு உண்டு. சுவரிலிருந்து வரும் மின்சாரம் நின்றபின் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் சேமித்திருப்பதைக் கொண்டு வெளியீட்டை எத்தனை மில்லி விநாடி நிலையாக வைத்திருக்கிறது என்பதே அது. முழுச் சுமையில் 17 மில்லி விநாடி என்பது நீண்ட காலமாக இருந்துவந்த எதிர்பார்ப்பு, ஏடிஎக்ஸ் 3.1 அதை 12 மில்லி விநாடியாகத் தளர்த்திவிட்டது. புதிய எண் என்பதால் எல்லாவற்றிலும் மேம்பட்டது என்று கருத இடமில்லை. சாதாரண வீட்டு யு.பி.எஸ். பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம் பெரும்பாலும் 10 மில்லி விநாடிக்குள் அடங்கும் என்பதால், 12 மில்லி விநாடி தாங்கும் எஸ்.எம்.பி.எஸ். விளிம்பில் நிற்கிறது; 17 தாங்குவது தப்பிக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை இணைத்திருப்பவர்கள் அதன் பின்புறமோ முன்புறமோ உள்ள விசையை யு.பி.எஸ். நிலையில் வைத்திருக்க வேண்டும். மற்ற நிலையில் மாறுவதற்குச் சில பத்து மில்லி விநாடிகள் ஆகக்கூடும், அதைப் பெரும்பாலான எஸ்.எம்.பி.எஸ்.கள் தாங்காது. மின்தடையின்போது யு.பி.எஸ். இருந்தும் கணினி அணைந்துவிடுகிறது என்ற புகாருக்குப் பலர் யு.பி.எஸ்.ஸை மாற்றுகிறார்கள், குறை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்க வாய்ப்புண்டு. அப்படியே யு.பி.எஸ்.ஸின் வாட் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று விற்கப்படுபவை பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தருகின்றன.

வெளியீட்டின் தூய்மைக்கு இரு எண்கள் போதும். மின்னழுத்தம் வரையறையிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது வழக்கமான விதி. 12 வோல்ட்டில் அது 11.4-க்கும் 12.6-க்கும் இடைப்பட்டது. நல்ல நடுத்தர மாடல் ஒன்று ஒரு சதவீதத்துக்கு உள்ளேயே நின்றுவிடும். ரிப்பிள் 12 வோல்ட்டில் 120 மில்லி வோல்ட்டையும், 5, 3.3 வோல்ட்டுகளில் 50 மில்லி வோல்ட்டையும் தாண்டக் கூடாது. முழுச் சுமையில் 12 வோல்ட் ரிப்பிள் 40-க்குக் கீழே இருந்தால் மகிழ்ச்சி. 100-ஐ நெருங்கினால், விதிக்கு உட்பட்டதே என்றாலும், கெபாசிட்டர்கள் வயதாகும்போது எல்லை கடக்கும் என்று எதிர்பாருங்கள். மல்டிமீட்டர் இதைக் காட்டாது, அலைவைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் வேண்டும். அதனால்தான் விமர்சனங்களைச் சார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

எந்த விமர்சனத்தைப் படிப்பது? விசிறி அழகாக இருக்கிறது, கேபிள் மென்மையாக இருக்கிறது என்று முடித்துக்கொள்ளும் காணொளிகளால் பயனில்லை. சைப்ரஸைச் சேர்ந்த சைபெனெட்டிக்ஸ் நிறுவனம் 115, 230 ஆகிய இரு மின்னழுத்தங்களிலும் சோதித்து, செயல்திறனுக்கு ஈட்டா என்றும் ஓசைக்கு லாம்ப்டா என்றும் தனித்தனித் தரம் வழங்குவதோடு, விரிவான அறிக்கைகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ரிப்பிள், தாங்கு நேரம், பாதுகாப்பு எல்லைகள் ஆகியவை அங்கே அட்டவணையாகக் கிடைக்கும். படிக்கும்போது மாடல் எண் கடைசி எழுத்து வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெட்டியில் பெயர் போட்டிருக்கும் நிறுவனம் பெரும்பாலும் தயாரிப்பாளர் அல்ல. சீசானிக், சிடபிள்யூடி, எஃப்எஸ்பி, சூப்பர் ஃபிளவர், எச்இசி, கிரேட் வால் போன்ற ஆலைகளில் செய்து வாங்குகிறார்கள். அதே பெயரில் அடுத்த பதிப்பு வேறோர் ஆலையிலிருந்து வரலாம். ஆகையால் ஒரு பிராண்டு நல்லது, இன்னொன்று கெட்டது என்ற பேச்சைவிட ஒரு மாடலின் ஒரு பதிப்பைப் பற்றிய பேச்சுக்கே மதிப்பு உண்டு.

வெப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடையில் அறையே 35 பாகையைத் தாண்டும்போது பெட்டிக்குள் 45 என்பது இயல்பு. தொடர்ச்சியாக முழுத் திறனைத் தரும் வெப்பநிலை 40 என்று குறித்திருக்கிறார்களா, 50 என்று குறித்திருக்கிறார்களா என்பதைத் தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள், 50-ஐத் தேர்ந்தெடுங்கள். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் 10 பாகை குறைந்தால் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது மின்னணுவியலில் பொதுவான கணக்கு, எனவே 85 பாகைக்கு உரியதைவிட 105 பாகைக்கு உரியது இங்கே பொருந்தும். நிப்பான் கெமி-கான், ரூபிகான், நிச்சிகான் போன்ற ஜப்பானியப் பெயர்கள் விளம்பரத்தில் இடம்பெறும்போது, அது முதன்மைக் கெபாசிட்டருக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று கவனியுங்கள். குறைந்த சுமையில் விசிறி நின்றுவிடும் வசதி அமைதிக்கு நல்லது. வெப்பமான அறையில் அதை அணைத்துவைக்கும் விசை இருந்தால் இன்னும் நல்லது.

கேபிள்களில் தவறக் கூடாத விதி ஒன்று உண்டு: கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிளை வேறொரு மாடலில் செருகவே கூடாது. மதர்போர்டுப் பக்க முனை ஒரே தரத்தில் இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். பக்க முனையின் கம்பி வரிசைக்குப் பொது விதி கிடையாது. பொருந்திப் போகும், பிறகு எஸ்எஸ்டி எரியும். எட்டு முனைக் கார்டு இணைப்பு ஒன்றின் வரையறை 150 வாட். இரண்டு தேவைப்படும் கார்டுக்கு ஒரே கேபிளின் இரு கிளைகளைவிட இரு தனிக் கேபிள்களைப் பயன்படுத்துவது நல்லது. புதிய 16 முனைக் கார்டு இணைப்பு என்றால் முனை கடைசி வரை அழுந்தியிருப்பதைக் கண்ணால் உறுதிசெய்யுங்கள்.

வாங்கிய பின், கடை மாற்றித்தரும் காலம் முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். 24 முனை இணைப்பில் பச்சைக் கம்பியையும் கருப்புக் கம்பியையும் இணைத்து ஓடவிடும் பழைய முறை, விசிறி சுற்றுகிறது என்பதற்கு மேல் எதையும் நிரூபிப்பதில்லை. அதைவிட, கணினியைக் கட்டி முடித்து, ஓசிசிடி மென்பொருளின் பவர் சோதனையை அரை மணி நேரம் ஓட்டுங்கள். அது பிராசசரையும் கார்டையும் ஒரே நேரத்தில் முழுச் சுமையில் நிறுத்தும். சோதனைக்கு முன்பும் நடுவிலும் மோலெக்ஸ் எனப்படும் நான்கு முனை இணைப்பின் 12 வோல்ட்டை மல்டிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மதர்போர்டின் உணரியைப் படித்துக் காட்டும் மென்பொருள் எண்களை இதற்கு நம்ப வேண்டாம், அவை பல நேரங்களில் விலகியே இருக்கும். 12.1-இலிருந்து 11.95-க்கு இறங்கினால் கவலையில்லை; 11.6-ஐ நோக்கிச் சரிந்தாலோ, கருகும் வாடை வந்தாலோ, கணினி தானாக அணைந்தாலோ உடனே திருப்பிக் கொடுங்கள். உள்ளிருக்கும் கம்பிச்சுருள் (coil) முணுமுணுக்கும் ஓசை மட்டும் வந்தால் அது பெரும்பாலும் ஆபத்தற்றது. ஆனால் காதை உறுத்தினால் மாற்றிக் கேட்பதில் தவறில்லை. எந்த நிலையிலும் மேல்மூடியைக் கழற்ற வேண்டாம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முதன்மைக் கெபாசிட்டரில் 350 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும், வாரண்டியும் அத்துடன் போய்விடும். திருப்பிக் கொடுக்கும்போது பில், வரிசை எண் தெரியும் படம், அளந்த எண்கள் ஆகிய மூன்றையும் கையில் வைத்திருங்கள். ‘ஓடுகிறதே, என்ன குறை?’ என்று கேட்கும் கடைக்காரரிடம் பேச அவை வேண்டியிருக்கும்.