புதுப்பிச்ச பழைய தியேட்டருக்கு போறீங்களா? போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

இந்த மாதிரி தியேட்டருக்கு என்ன படம்னு மட்டும் பாத்து டிக்கெட் போடாதீங்க, எதுல ஓட்டறாங்கன்னு பாருங்க. இப்போ எங்க போனாலும் டிஜிட்டல்தான், ஆனா சில இடத்துல பழைய 35 எம்எம் புரொஜெக்டரை தூக்கிப் போடாம வெச்சிருப்பாங்க, எப்பவாவது பிலிம்லயே ஓட்டுவாங்க. ஷோ விவரத்துல போட்டிருக்கும், இல்லைன்னா போன் பண்ணி கேட்டுடுங்க. அப்படி ஒரு ஷோ கிடைச்சா கண்ணை மூடிட்டு அதையே புக் பண்ணுங்க.

அரை மணி நேரம் முன்னாடியே போயிடுங்க, லைட் அணைச்சப்புறம் போனா கட்டடத்தை எங்க பாக்கறது? திரையைச் சுத்தி பிளாஸ்டர்ல வேலைப்பாடு பண்ணின பெரிய வளைவு இருக்கும். 1953ல சினிமாஸ்கோப் வந்ததும் அகலத் திரை வேணும்னு நிறைய பேரு அதை உடைச்சாங்க, இல்லைன்னா அப்படியே மறைச்சு முன்னாடி புதுத் திரையை நிறுத்திட்டாங்க, அதனால இப்போ நீங்க பாக்கறது பழசா, அதே மாதிரி திரும்ப செஞ்சதான்னு விசாரிங்க. ஒரே ஹாலை நடுவுல சுவர் வெச்சு ரெண்டா பிரிச்ச கூத்தும் நிறைய நடந்திருக்கு, பின்னாடி அந்த சுவரை இடிச்சிருந்தா சீலிங்ல ஒரு கோடு மட்டும் கலர் லேசா மாறித் தெரியலாம், தேடிப் பாருங்க.

சீட் விஷயத்துல கொஞ்சம் கவனம். பால்கனி முன் வரிசை சூப்பர், ஆனா உயரம் கம்மின்னா கைப்பிடிக் கம்பி மறைக்கும், ஒரு வரிசை பின்னாடி போங்க. கீழன்னா பால்கனிக்கு அடியில மட்டும் உக்காராதீங்க, சத்தம் அமுங்கிடும். பிளாஸ்டர் சுவருக்கு எதிரொலி ஜாஸ்தி, கூட்டம் இல்லைன்னா இன்னும் மோசம் (ஆளுங்கதான் பாதி சத்தத்தை உறிஞ்சறாங்க போல!), அதனால சுவர் ஓரத்தை விட்டுட்டு நடுவுல உக்காந்தாதான் வசனம் தெளிவா கேக்கும்.

பிலிம் ஷோன்னா திரையோட வலது மேல் மூலையில ஒரு கண்ணு வெச்சிருங்க. 2000 அடி ரீல், நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், அதாவது 20 நிமிஷம் சொச்சத்துல ஒரு ரீல் தீந்துடும். தீரப்போறப்போ அந்த மூலையில ஒரு புள்ளி டக்குனு வந்து போகும், உடனே ஆபரேட்டர் அடுத்த ரீல் மாட்டின ரெண்டாவது புரொஜெக்டரை ஓட விடுவாரு, ஏழெட்டு செகண்ட்ல இன்னொரு புள்ளி, அங்க மாத்திடுவாரு. நல்ல ஆபரேட்டர்னா மாத்தினதே தெரியாது. எல்லா ரீலையும் ஒண்ணா ஒட்டி ஓட்டற தியேட்டர்ல புள்ளி வரும், ஆனா மாத்தற வேலை கிடையாது.

புரொஜெக்டர் இருக்கற கேபினைப் பாக்கணும்னா படம் முடிஞ்சப்புறம் கேளுங்க, ஷோவுக்கு முன்னாடி ஆபரேட்டர் டென்ஷன்ல இருப்பாரு. உள்ள போனா திரைக்கு வெளிச்சம் போற குட்டி ஜன்னலுக்கு மேல இரும்புக் கதவு இருக்கான்னு பாருங்க. 1950கள் ஆரம்பம் வரைக்கும் ஓடின நைட்ரேட் பிலிம் தீப்பிடிச்சா தண்ணிக்குள்ள போட்டாலும் அணையாது, தீ ஹாலுக்குள்ள வராம இருக்க அந்தக் கதவு தானா விழும். பிலிமை கையில குடுத்தாங்கன்னா ஓரத்தை மட்டும் பிடிங்க, நடுவுல விரல் பட்டா ரேகை அப்படியே படிஞ்சுடும்.