பலகை இல்லாத சந்திப்பும் ஒரு பலகைதான்: ஜெர்மனியில் முதன்முறை கார் ஓட்டுகிறவர்களுக்கு

ஷ்டுட்கார்ட்டில் வாடகைக் கார் எடுத்த இரண்டாம் நாள். குடியிருப்புப் பகுதிக்குள் போய்க்கொண்டிருந்தேன். என் தெரு நல்ல அகலம். வலப்பக்கமிருந்து வந்து சேரும் தெரு சந்து மாதிரி. அந்தச் சந்திலிருந்து ஒரு அம்மா சின்னக் காரில் வந்தார். நின்று பார்க்கவே இல்லை, நேராக என் முன்னால் திரும்பிவிட்டார். நான் பிரேக்கை மிதித்த மிதியில் பின்சீட்டில் இருந்த பை கவிழ்ந்து உருளைக்கிழங்கெல்லாம் சீட்டுக்கு அடியில் உருண்டது. கை தானாக ஹாரனுக்குப் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணா என் கையைத் தட்டிவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷமாக அந்த ஊரில் இருப்பவர். “தம்பி, வலப்பக்கம் பாக்கேல்லையோ? அவ உம்மை நம்பித்தான் வந்தவ” என்றார்.

அந்தச் சந்திப்பில் ஒரு பலகைகூடக் கிடையாது. பலகை இல்லை என்பதே அங்கே ஒரு உத்தரவு. நானோ ஊரில் இருக்கும்போதே நூறு படங்களை மனப்பாடம் செய்துவிட்டுப் போயிருந்தேன். படம் எல்லாம் தெரிந்தது, யாருக்கு வழி என்பது தெரியவில்லை. அதனால் இந்தப் பதிவில் படங்களைவிட வழியைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்கு அது போதும். அங்கேயே குடியேறினால் ஆறு மாதம்தான், அப்புறம் ஜெர்மன் உரிமம் எடுக்க வேண்டும். இன்னொன்று, பலகைச் சொற்களின் ஒலியை மட்டும் தமிழில் எழுதியிருக்கிறேன். அவை ஜெர்மனில் எப்படி எழுதப்படும் என்று போனில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் வடிவம், அப்புறம் படம்

1968இல் வியன்னாவில் கையெழுத்தான சாலைக் குறியீட்டு ஒப்பந்தத்தைத்தான் ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகள் பின்பற்றுகின்றன. அதன்படி, சிவப்பு விளிம்பு முக்கோணம் எச்சரிக்கை. சிவப்பு விளிம்பு வட்டம் தடை அல்லது கட்டுப்பாடு. நீல வட்டம் ‘இப்படித்தான் செய்ய வேண்டும்’. நீலச் சதுரமும் செவ்வகமும் பெரும்பாலும் தகவல். நம்மூர்ப் பலகைகளும் ஏறக்குறைய இதே குடும்பம்தான், ஆகவே பாதிப் பாடம் ஏற்கெனவே படித்தாகிவிட்டது.

மூன்று வடிவங்கள் மட்டும் கூட்டத்தோடு சேராமல் தனியாக நிற்கும்: எண்கோணம், தலைகீழ் முக்கோணம், மஞ்சள் வைரம். மூன்றும் யாருக்கு வழி என்பதைச் சொல்பவை. பனி மூடி எழுத்து மறைந்தாலும் வடிவத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். குறுக்குத் தெருக்காரருக்கு வைத்த பலகையின் முதுகுதான் உங்களுக்குத் தெரிகிறது என்றாலும், அது தலைகீழ் முக்கோணமாக இருந்தால் அவர் வழிவிட வேண்டியவர் என்று புரிந்துவிடும்.

புதியவர்கள் ஏமாறும் பலகை ஒன்று உண்டு. சிவப்பு விளிம்பு, வெள்ளை வட்டம், உள்ளே ஒன்றுமே இல்லை. ஏதோ எழுத மறந்துவிட்டார்கள் என்று நினைத்து உள்ளே போய்விடாதீர்கள். எந்த வண்டியும் போகக்கூடாது என்று அர்த்தம். காரின் தலைக்கு மேல் மோட்டார் சைக்கிள் பறப்பது போன்ற படம் இருந்தால், கார், பைக் முதலான மோட்டார் வண்டிகளுக்குத் தடை.

படி 2: யாருக்கு வழி?

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்றதில் தவறு செய்தால் பெரும்பாலும் அபராதம், இதில் தவறு செய்தால் விபத்து.

சந்திப்பில் நான்கு அதிகாரங்கள் வரிசையாக இருக்கின்றன. போலீஸ்காரர் நின்று கை காட்டினால் அவர் சொல்வதுதான். அவர் இல்லையென்றால் சிக்னல். சிக்னல் இல்லையென்றால் பலகை. பலகையும் இல்லையென்றால் வலப்பக்கத்திலிருந்து வருகிறவர். மேலே இருப்பது பேசினால் கீழே இருப்பது வாயை மூடிக்கொள்ளும். சிக்னல் கம்பத்திலேயே மஞ்சள் வைரமோ தலைகீழ் முக்கோணமோ மாட்டியிருப்பதைப் பார்த்து, ‘பச்சை எரியும்போது இது எதற்கு’ என்று எனக்குக் குழப்பம். இரவில் பல சிக்னல்களை அணைத்துவிடுவார்கள், அப்போது கம்பத்துப் பலகைதான் பேசும்.

பலகைகள் இவை:

மஞ்சள் வைரம், வெள்ளை விளிம்போடு. நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள். அடுத்தடுத்த சந்திப்புகளிலும் வழி உங்களுக்குத்தான். அதே வைரத்தின் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுந்தால் அந்தச் சலுகை முடிந்தது.

சிவப்பு விளிம்பு முக்கோணத்துக்குள் தடித்த அம்புக்குறி, அதை வெட்டும் மெல்லிய கோடு. இதுவும் வழி உங்களுக்கே என்கிறது, ஆனால் அடுத்த ஒரே ஒரு சந்திப்புக்கு மட்டும். அதைத் தாண்டியதும் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும்.

தலைகீழ் முக்கோணம் என்றால் வழி விடுங்கள். யாரும் வரவில்லையென்றால் நிற்காமல் போகலாம். எண்கோண ஸ்டாப் பலகை அப்படி இல்லை. சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். ‘ஊர்ந்து ஊர்ந்து’ தாண்டுகிற நம் வழக்கத்தை அங்கே நின்றதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதில் கடினமானது ஒன்று: மஞ்சள் வைரத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் பலகை, அதில் தடித்த கறுப்புக் கோடு ஒன்று வளைந்து போகும், மற்ற தெருக்கள் மெல்லிய கோடுகளாக இருக்கும். நீங்கள் வருவது படத்தின் அடிப்பக்கத்திலிருந்து. தடித்த கோடு இடப்பக்கம் வளைந்தால், முன்னுரிமைச் சாலையே இடப்பக்கம் திரும்புகிறது. சாலையோடு நீங்களும் வளைந்து போகிறீர்கள் என்றாலும் இன்டிகேட்டர் போட வேண்டும். நேராகப் போனால் அந்தச் சாலையை விட்டு இறங்குகிறீர்கள், இன்டிகேட்டர் வேண்டாம். முதல் தடவை இது தலைகீழாகத் தோன்றும். தாளில் நாலு முறை வரைந்து பார்த்தால் பிடிபட்டுவிடும்.

கடைசியாக, பலகையே இல்லாத சந்திப்பு. ‘ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்’ என்பார்கள், இடதைவிட வலது முதலில். 30 கிலோமீட்டர் வேக மண்டலங்களில் பெரும்பாலும் இதுதான் சட்டம். தெரு அகலமா, சந்தா, யார் முதலில் வந்தார் என்பதெல்லாம் கணக்கில்லை. வலப்பக்கத்துக்காரர் உங்களைப் பார்த்துத் தயங்கவும் மாட்டார். நீங்கள் நிற்பீர்கள் என்று நம்பியே வருவார். அந்த அம்மா செய்ததும் அதுதான். அதே நம்பிக்கையோடு உங்கள் இடப்பக்கத்துக்காரருக்கு முன்னால் நீங்கள் போகலாம், அவர் வேகம் குறைகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு. நாலு பக்கமும் ஒரே நேரத்தில் கார் வந்து நின்றால்? ஒருவர் கை காட்டி விட்டுக்கொடுப்பார், அங்கிருந்து முடிச்சு அவிழும்.

விதிவிலக்கும் உண்டு. வீட்டு வாசல், பெட்ரோல் பங்க், வயல் பாதை ஆகியவற்றிலிருந்து வருகிறவர், நடைபாதை விளிம்பு தாழ்ந்திருக்கும் இடத்தைக் கடந்து வருகிறவர், இவர்களெல்லாம் வலப்பக்கமிருந்து வந்தாலும் காத்திருக்க வேண்டியவர்கள்.

இங்கே நம் ‘ஃப்ரீ லெஃப்ட்’ பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் நம் இடத் திருப்பத்துக்குச் சமம் அவர்களுடைய வலத் திருப்பம். சிவப்பில் வலப்பக்கம் திரும்பக்கூடாது. சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் கறுப்புத் தகட்டில் பச்சை அம்புக்குறி இருந்தால் மட்டும் திரும்பலாம், அதுவும் முழுதாக நின்று, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டுவிட்டு. இந்தத் தகடு பழைய கிழக்கு ஜெர்மனியில் 1978இல் வந்தது. நாடு ஒன்றான பிறகு மேற்கிலும் ஏற்றுக்கொண்டார்கள்.

படி 3: எண் எழுதாத வேகப் பலகை

வட்டத்துக்குள் எண் இருந்தால் யாருக்கும் புரியும். எண்ணே இல்லாத வேகப் பலகை ஒன்று இருக்கிறது, ஊர்ப் பெயர்ப் பலகை. மஞ்சள் செவ்வகத்தில் கறுப்பு எழுத்தில் ஊர் பெயர் வந்துவிட்டால் அந்த இடத்திலிருந்து 50. ‘ஐம்பது’ என்று தனியாக எங்கேயும் எழுதிவைக்க மாட்டார்கள். ஊர் பெயர்மேல் சிவப்புக் கோடு அடித்த பலகை வந்தால் ஊர் முடிந்தது, கார்களுக்கு 100. குறுகலான கிராமத்துச் சாலையிலும் சட்டப்படி 100தான். அதற்காக அந்த வேகத்தில் போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

வெள்ளை வட்டத்தில் மங்கிய எண், குறுக்கே கோடுகள் என்றால் அந்த வேக வரம்பு முடிந்தது. எண் இல்லாமல் கோடுகள் மட்டும் என்றால் முந்தும் தடை, வேக வரம்பு என்று அதுவரை இருந்த கட்டுப்பாடுகள் முடிந்தன. ‘30’ வட்டத்தோடு ‘ட்ஸோன’ என்று எழுதிய சதுரப் பலகை மண்டலத்தின் வாசலில் ஒரே ஒரு முறைதான் வரும். சாம்பல் நிறத்தில் அதன் முடிவுப் பலகை வரும்வரை எத்தனை தெரு திரும்பினாலும் 30தான்.

குழந்தைகள் பந்து விளையாடும் படம் போட்ட நீலப் பலகை இருந்தால் நடை வேகம். உண்மையிலேயே மனிதர் நடக்கும் வேகம்.

படி 4: கீழே தொங்கும் குட்டிப் பலகை

பெரிய பலகை சட்டத்தைச் சொல்லும், அதற்குக் கீழே இருக்கும் வெள்ளைக் குட்டிப் பலகை அந்தச் சட்டம் யாருக்கு, எப்போது என்று சொல்லும். சில சொற்கள் தெரிந்தால் போதும்.

‘ஃப்ரை’ என்றால் விலக்கு. சைக்கிள் படமும் ஃப்ரையும் இருந்தால் சைக்கிளுக்கு இந்தத் தடை இல்லை. ‘அன்லீகர் ஃப்ரை’ என்றால் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களும் அங்கே யாரையாவது பார்க்கப் போகிறவர்களும் போகலாம், குறுக்குவழியாகப் பயன்படுத்தக்கூடாது. ‘பை நெஸ்ஸெ’ என்றால் சாலை ஈரமாக இருக்கும்போது மட்டும். 80க்குக் கீழே அது இருந்து, வெயில் அடித்தால் அந்த 80 உங்களுக்கு இல்லை. லாரிப் படம் இருந்தால் லாரிக்கு மட்டும். நான் ஒரு மதியம் முழுக்க லாரிக்கு வைத்த வேகத்தில் கார் ஓட்டினேன்.

‘வெர்க்டாக்ஸ்’ என்றால் வேலை நாட்கள். இதில் சனிக்கிழமையும் சேர்த்தி! ஐந்து நாள் அலுவலகக் கணக்கில் சனிக்கிழமை காரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

‘800 மீ’ என்று வெறுமனே இருந்தால் இன்னும் 800 மீட்டரில் ஆரம்பம். எண்ணுக்கு இருபக்கமும் மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் 800 மீட்டர் நீளத்துக்கு.

படி 5: எங்கே நிறுத்துவது

சிவப்பு விளிம்பு போட்ட நீல வட்டம். உள்ளே பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு என்றால் நிற்கவே கூடாது. ஒரே கோடு என்றால் மூன்று நிமிஷம் வரை நிற்கலாம், ஆளை ஏற்றி இறக்கலாம், சாமான் ஏற்றி இறக்கலாம். வண்டியை விட்டுக் கடைக்குப் போனால் அது பார்க்கிங். வட்டத்துக்குள் வெள்ளை அம்புக்குறியும் இருக்கலாம். அது சாலைப் பக்கம் காட்டினால் தடை இங்கே ஆரம்பம், சாலைக்கு எதிர்ப்பக்கம் காட்டினால் முடிவு. வீடு மாறுகிறவர்களுக்காகத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் பலகைக்கும் இதே மதிப்புதான்.

நீல நிற பார்க்கிங் வட்டு படம் இருந்தால் இலவசம், ஆனால் நேரக் கணக்கு உண்டு. பெட்ரோல் பங்கில் விற்கும் அந்த அட்டை வட்டில், வந்த நேரத்துக்கு அடுத்து வரும் அரைமணிக்கு முள்ளை வைக்க வேண்டும். 10:10க்கு வந்தால் 10:30. இரண்டு மணி நேரம் அனுமதி என்றால் 12:30 வரை நிற்கலாம். வைத்த முள்ளை நடுவில் வந்து நகர்த்தக்கூடாது. பல சூப்பர் மார்க்கெட் வாசலிலும் இந்த வட்டைக் கேட்கிறார்கள்.

படி 6: ஆட்டோபான்

திசைகாட்டும் பலகைகளில் நீலம் ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலைக்கு, மஞ்சள் மற்ற நெடுஞ்சாலைகளுக்கு, வெள்ளை ஊருக்குள் இருக்கும் இடங்களுக்கு. ‘ஆவுஸ்ஃபார்ட்’ என்று அடிக்கடி வருவது ஊர் பெயர் இல்லை, வெளியேறும் வழி. இதே சொல் ஒரு வீட்டு கேட்டில் எழுதியிருந்தால் ‘வண்டி வெளியே வரும் இடம், மறித்து நிறுத்தாதே’ என்று அர்த்தம். ‘உம்லைட்டுங்’ என்பதும் ஊர் இல்லை, மாற்றுப்பாதை. வெளியேறும் வழிக்கு 300, 200, 100 மீட்டருக்கு முன்னால் மூன்று, இரண்டு, ஒன்று என்று சாய்கோடு போட்ட நீலக் கட்டைகள் நிற்கும். மூன்று கோட்டைப் பார்க்கும்போது நீங்கள் வலது லேனில் இருக்க வேண்டும். தவறவிட்டால் அடுத்ததில் இறங்குங்கள், ரிவர்ஸ் எடுப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

கட்டுப்பாடு முடிந்த பலகைக்குப் பிறகு உச்சவரம்பு இல்லை, 130 என்பது பரிந்துரை. இடது லேன் முந்துவதற்கு மட்டும், வலப்பக்கமாக முந்தக்கூடாது. தலைக்கு மேல் மின்பலகையில் எரியும் சிவப்பு வளைய எண்ணும் சட்டம்தான். லேனுக்கு மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் அந்த லேன் மூடப்பட்டிருக்கிறது. நெரிசலில் நின்றால் ஆம்புலன்ஸுக்குப் பாதை விட வேண்டும். இடதுகோடி லேன்காரர் இடப்பக்கம் ஒதுங்க, மற்றவர்கள் எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்குவார்கள்.

படி 7: சாவி வாங்கியதும்

நேராக நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். மாருதி ஓட்டிப் பழகிய கைக்கு இன்டிகேட்டர் வலப்பக்கம். அங்கே அது இடப்பக்கம். முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்கு வைப்பர்தான் ஓடியது. கிழங்கு உருண்ட அன்று சாயங்காலம் அண்ணா என்னை அதே 30 மண்டலத்துக்கு மறுபடி கூட்டிப்போனார். அரைமணி நேரம், அதே நாலு தெருவைச் சுற்றிச் சுற்றி. ஒவ்வொரு சந்திப்புக்கு முன்னாலும் நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “பலகை இல்லை, வலது பார்க்கிறேன்” அல்லது “வைரம், எனக்கு வழி”. பத்தாவது சுற்றில் நான் சொல்வதற்கு முன்பே கால் ஆக்ஸிலேட்டரை விட்டிருந்தது. “சரி, இனி ஆட்டோபானுக்கு விடும்” என்றார்.